மோன் வென்டூ மலையும் அதைச் சுற்றிய சாலைகளும்: சைக்கிளில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்ஸின் தென்கிழக்கே, ப்ரோவான்ஸ் பகுதியில், கார்பான்த்ரா நகரத்துக்கு வடகிழக்கில் தன்னந்தனியாக நிற்கும் மலை மோன் வென்டூ. உயரம் 1,910 மீட்டர். ரோடு பைக் ஓட்டுகிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், அடுத்த கேள்வி "உச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றுதான் வரும். அதற்கும் கீழே பதில் உண்டு. ஆனால் என் கட்சி வேறு. உச்சிக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் மலையைச் சுற்றி ஓட்டுங்கள். எந்த நாள் எதற்கு என்பதைக் காற்று சொல்லட்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

இது தேசியப் பூங்காவா? உள்ளே போக டிக்கெட் எடுக்க வேண்டுமா?

இல்லை. இது வட்டார இயற்கைப் பூங்கா. 2020இல்தான் அந்த அந்தஸ்து கிடைத்தது. அதற்கு முன்பே, 1990இல், யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருந்தது. வேலி, கேட், டிக்கெட் எதுவும் கிடையாது. ஊர்கள், திராட்சைத் தோட்டங்கள், செர்ரித் தோப்புகள், ஆட்டு மந்தைகள் எல்லாம் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் ஓட்டப்போவது சாதாரண மாவட்டச் சாலைகளில்தான்.

உச்சிக்கு எத்தனை வழி? எனக்கு எது சரிப்படும்?

தார்ச்சாலை மூன்று. தெற்கே பெதுவான் ஊரிலிருந்து ஒன்று, வடமேற்கே மலோசென் ஊரிலிருந்து ஒன்று, கிழக்கே சோ என்ற சிற்றூரிலிருந்து ஒன்று.

பெதுவான் வழி சுமார் 21.5 கி.மீ.; ஏறும் உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் வழக்கமாக ஏறுவது இதில்தான். மலோசென் வழி சுமார் 21 கி.மீ.; உயரம் 1,500 மீட்டரைச் சற்றுத் தாண்டும். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஓட்டினால் அப்படி இருக்காது. மலோசென் வழி படிப்படியாகப் போகும். கொஞ்சம் செங்குத்து, கொஞ்சம் சமதளம், அப்புறம் திடீரென்று பத்துப் பன்னிரண்டு சதவீதத்தில் (நூறு மீட்டர் போனால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம்) நீளமாக ஒரு ஏற்றம். இடையிடையே மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது, ஆனால் தாளம் பிடிபடாது. சோ வழி சுமார் 26 கி.மீ.; ஊரே 760 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டிய உயரம் 1,200 மீட்டர் அளவில்தான். முதல் 20 கி.மீ. நாலைந்து சதவீதம். ஷாலே ரேனார் என்ற இடத்தில் இது பெதுவான் சாலையோடு சேர்ந்துவிடும். கடைசி ஆறு கிலோமீட்டர் இரண்டுக்கும் பொது.

நீண்ட மலை ஏற்றம் இதுவரை ஓட்டியதே இல்லையென்றால் சோ. ஓரளவு பழக்கம் இருந்து, கூட்டம் வேண்டாம் என்றால் மலோசென். "டிவியில் பார்த்த அதே சாலையில்தான் ஏறுவேன்" என்றால் பெதுவான். வேறு எதைச் சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

பெதுவான் வழியில் அப்படி என்னதான் கஷ்டம்?

ஆரம்பம் ஏமாற்றும். ஊரை விட்டுக் கிளம்பினால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஐந்தாறு கிலோமீட்டர் லேசான ஏற்றம். காலை வேளை, கால்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும், முன்னால் போகிற குழுவைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். தோன்றினாலும் பிடிக்கக் கூடாது. சான் எஸ்தெவ் என்ற இடத்தில் சாலை இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பும். அங்கே மிக லேசான கடைசி கியருக்குப் போனவர்கள் ஷாலே ரேனார் வரும்வரை அதை விட்டு வெளியே வருவதில்லை.

அந்த வளைவிலிருந்து ஷாலே ரேனார் வரை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். சராசரியே ஒன்பது சதவீதத்துக்கு மேல். ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் கொண்டை ஊசி வளைவுகள் வரும். வளைவில் ஓரிரு விநாடி சுமை குறையும். இங்கே அது கிடையாது. ஓக், பைன், தேவதாரு என்று காட்டுக்குள் சாலை நேராக மேலே போய்க்கொண்டே இருக்கும். மரங்கள் காற்றைத் தடுத்துவிடுவதால் ஜூலையில் புழுக்கம் தாங்காது. சைக்கிள் நகரும் வேகத்துக்கு ஈ மொய்க்கும். கையை எடுத்து விரட்டவும் தெம்பு இருக்காது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சாலையோரத்தில் ஒரு கல். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது என்ன உயரம், அடுத்த கிலோமீட்டரின் சராசரி ஏற்றம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். சிலருக்கு அது தைரியம் தரும். எனக்கு அதைப் படிக்காமல் கடப்பதே உத்தமம் என்று படுகிறது. ஒன்பது என்று படித்துவிட்டு அடுத்த கல்லில் பத்து என்று படிப்பதால் காலுக்கு ஒரு லாபமும் இல்லை.

ஷாலே ரேனாரில் காடு முடிகிறது. 1,417 மீட்டர். உணவகம், தண்ணீர், உட்கார இடம் எல்லாம் உண்டு. அதன்பிறகு மொட்டைப் பாறை. வெள்ளைச் சல்லிக்கு நடுவே சாலை வளைந்து போவதும், மேலே கம்பம் நட்ட கோபுரமும் தெரியும். ஏற்றம் ஏழு எட்டு சதவீதத்துக்குக் குறைகிறது. ஆனால் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே கிட்டே வராமல் இருக்கும். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் ஏற்றம் மறுபடி கூடும். கடைசி வளைவு மட்டும் சுவர்தான்.

சரி, எவ்வளவு நேரம் ஆகும்?

வாரம் மூன்று நான்கு நாள் ஓட்டுகிற, மிதமான உடல்வாகு உள்ளவருக்கு பெதுவானிலிருந்து இரண்டு மணி நேரம் நியாயமான கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் நன்றாக ஓட்டுகிறவர் என்று அர்த்தம். 2004இல் தோஃபினே பந்தயத்தின் தனிநபர் ஓட்டத்தில் (ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) ஸ்பெயினின் இபான் மாயோ 55 நிமிடம் 51 விநாடியில் ஏறினார். அதோடு உங்கள் நேரத்தை ஒப்பிட வேண்டாம். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே அப்படி ஏறுபவர்கள் நிறையப் பேர்.

என் சைக்கிளில் உள்ள கியர் போதுமா?

முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் போதும். சின்ன கணக்கு: 34க்கு 34 கியரில் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கி.மீ. அளவில் வரும். ஒன்பது சதவீத ஏற்றத்தில் சாதாரண ஓட்டுநர் நீடித்துப் போகக்கூடிய வேகமும் ஏறக்குறைய அதுதான். பழைய பந்தய சைக்கிளில் 39க்கு 25 இருக்கும். அதில் அதே 60 முறை மிதிக்க மணிக்கு 12 கி.மீ. கிட்டப் போயாக வேண்டும். முடியாதபோது மிதி மெதுவாகும், முழங்காலில் சுமை ஏறும். வாடகைக்கு எடுக்கும்போதே பின் கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) எத்தனை பல் என்று கேட்டுவிடுங்கள்.

சைக்கிளின் எடையில் ஒரு கிலோ குறைக்கச் செலவழிப்பதைவிட கேசட்டை மாற்றுவது மலிவு, பலனும் அதிகம்.

காற்று, காற்று என்கிறார்களே, அவ்வளவு மோசமா?

ஆமாம். ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மிஸ்ட்ரல் என்று பெயர். குளிர்ந்த, வறண்ட காற்று. வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல நாள் என்று கிளம்பிவிடுவார்கள். சுற்றிலும் இந்த உயரத்துக்கு வேறு மலை இல்லாததால் உச்சிதான் முழு அடியையும் வாங்குகிறது. உச்சிக்குச் சற்று முன்னால், 1,841 மீட்டரில், சாலை மலைமுகட்டைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயரே 'புயல்களின் கணவாய்'. தெற்குச் சரிவில் ஏறி வருகிறவருக்கு மலையே அதுவரை மறைப்பாக இருந்திருக்கும். அந்த இடத்தில் மறைப்பு போய்விடும். காற்று பக்கவாட்டில் ஒரே தள்ளாகத் தள்ளும். முன்சக்கரம் நகர்வதை உணர முடியும். உயரமான ரிம் போட்ட சக்கரங்களை இங்கே கொண்டுவராதீர்கள்.

தொழில்முறைப் பந்தயமே இதற்குப் பணிந்திருக்கிறது. 2016 ஜூலை 14 அன்று டூர் டி பிரான்ஸ் உச்சியில் முடிய வேண்டியது. மேலே மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று வீசியதால் முடிவுக் கோட்டை ஷாலே ரேனாருக்கு இறக்கிவிட்டார்கள். ஆறு கிலோமீட்டர் கூட்டமும் கீழே வந்து நெருக்கியது. முன்னால் போன மோட்டார்சைக்கிள் நின்றதில் பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் விழுந்து, சைக்கிள் உடைந்து, முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியோடு காலால் ஓடியது அந்த நாளில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. முதல் நாள் இரவு உச்சிக்கான காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். கீழே ஊருக்கான முன்னறிவிப்பு உதவாது. உச்சியில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் என்றால் நான் உச்சியை மறுநாளுக்குத் தள்ளிவிட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் போவேன். ஏற முடியாது என்பதால் அல்ல, இறங்க வேண்டுமே என்பதால். இதற்காகவே மூன்று நான்கு நாளாவது தங்குகிற மாதிரித் திட்டமிடுங்கள். மறுநாள் காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்தான் புயலிலும் மேலே போவார்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர். பனி காரணமாக நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை, சில ஆண்டுகளில் மே வரைகூட, உச்சிச் சாலையை மூடிவிடுவார்கள். தெற்கே ஷாலே ரேனார் வரையும் வடக்கே மோன் சரேன் பனிச்சறுக்கு நிலையம் வரையும் போகலாம். அதற்கு மேல் தடுப்பு. வடக்குப் பக்கம் வெயில் குறைவு என்பதால் அது பெரும்பாலும் பிந்தித் திறக்கும். ஏப்ரலில் போகிறவர்கள் மாவட்ட நிர்வாகத்தின் சாலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

ஜூலையில் போகக் காரணம் ஒன்றுதான்: லாவண்டர். சோ ஊரைச் சுற்றிய மேட்டுநிலத்தில் ஜூலை முதல் பாதியில் வயல்கள் ஊதாவாக இருக்கும். அதற்குப் பிறகு அறுவடை தொடங்கிவிடும். ஆகஸ்ட் 15 அன்று அந்த ஊரில் லாவண்டர் திருவிழா உண்டு. ஆனால் அதற்குள் பல வயல்களை அறுத்திருப்பார்கள். வெயிலைச் சமாளிக்க விடியற்காலை ஆறரைக்கே சைக்கிளில் இருங்கள்.

கோடையில் குளிர் உடை எதற்கு?

இறங்குவதற்கு. பெதுவான் ஊர் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி 1,910. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.65 டிகிரி என்று வைத்தால் பத்து டிகிரி குறையும். கீழே 28 என்றால் மேலே 18. வியர்வையில் நனைந்த ஜெர்சி, மணிக்கு ஐம்பது கி.மீ. இறக்கம், மேலும் காற்று. பின்பாக்கெட்டில் மடித்து வைக்கிற விண்ட் ஜாக்கெட்டும் மெல்லிய முழுவிரல் கையுறையும் கட்டாயம். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. வேறு எல்லாக் காரணத்தையும்விட அதுதான் முக்கியம்.

தண்ணீர், சாப்பாடு?

பெதுவானில் கிளம்பும்போதே இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள். சான் எஸ்தெவ் வளைவிலிருந்து ஷாலே ரேனார் வரை காட்டுக்குள் ஒன்றும் கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு போங்கள். மலோசென் பக்கம் ஊரைத் தாண்டியதும் க்ரோசோ என்ற பெரிய ஊற்று உண்டு. மேலே மோன் சரேனில் உணவகம் இருக்கிறது.

கிராமத்துக் கடைகள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று மணி வரை திறக்காமல் இருப்பது சகஜம். சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேக்கரி திறந்திருக்கும்போதே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சந்தை நாளில் போனால் கவலையில்லை: பெதுவானில் திங்கள், சோவில் புதன். சோவின் நூகா மிட்டாயில் பாதாமும் லாவண்டர்த் தேனும் இருக்கும். ஏற்றத்துக்கு நடுவே சாப்பிடும் ஜெல்களைவிட எனக்கு அது ஒத்துக்கொள்கிறது. பல்லில் ஒட்டும் என்பது மட்டும்தான் குறை.

இறக்கத்துக்குப் பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் இறங்கலாம்?

சோ பக்கம். ஷாலே ரேனார் வரைதான் கவனம் தேவை, பிறகு மென்மையான, நீண்ட இறக்கம். மலோசென் பக்கம் சாலை அகலம், வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியும். ஆனால் நேரான இடங்களில் நினைக்காமலே மணிக்கு 70 கி.மீ. தொட்டுவிடும். பெதுவான் பக்கம் காட்டுக்குள் இறங்கும்போது எதிரே ஏறி வருகிறவர்கள் களைப்பில் அலைந்து அலைந்து வருவார்கள், சாலையும் குறுகல்.

ரிம் பிரேக் இருந்தால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டு, முன்பின் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கோடையில் ஷாலே ரேனாருக்கு மேலே ஆட்டு மந்தை சாலையில் நிற்பது உண்டு. ஆடுகள் நகராது; நாம்தான் நிற்க வேண்டும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு நினைவுக்கல் இருக்கிறதே, அது யாருக்கு?

டாம் சிம்சனுக்கு. பிரிட்டனின் முன்னாள் உலக சாம்பியன். 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸின் 13ஆவது கட்டத்தில், கொளுத்தும் வெயிலில், உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூட இல்லாத இடத்தில் சரிந்து விழுந்து இறந்தார். வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தது தெரியவந்தது. வெயிலும் நீரிழப்பும் சேர்ந்துகொண்டன. ஊக்க மருந்துச் சோதனைகள் இறுகியதற்கு இந்த மரணம் ஒரு முக்கியக் காரணம்.

ஏறுகிறவர்கள் அந்தக் கல்லடியில் தண்ணீர் பாட்டில், தொப்பி, பழைய டியூப் என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏறும்போது நின்றால் மறுபடி கிளம்புவது சிரமம். இறங்கும்போது நிற்பது நல்லது.

பந்தயக் கதையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு மேலும் கொஞ்சம். டூர் முதன்முதலில் இந்த மலையைத் தாண்டியது 1951இல். உச்சியில் முதல் முடிவுக்கோடு 1958இல். அந்தத் தனிநபர் ஓட்டத்தை லக்சம்பர்கின் சார்லி கோல் வென்றார். 2021இல் ஒரே நாளில் இரண்டு முறை ஏறவைத்தார்கள், ஒன்று சோ பக்கமாக, ஒன்று பெதுவான் பக்கமாக. வென்றவர் பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட். 2025இல் பிரான்ஸின் வாலன்டின் பரே-பேந்த்ர.

உச்சி ஏன் மொட்டையாக, பனி போல வெள்ளையாக இருக்கிறது?

பனியல்ல, சுண்ணாம்புக்கல். உறைபனியில் பிளந்து பிளந்து சல்லியாகியிருக்கிறது. மரமில்லாததற்கு மனிதனும் பொறுப்பு. பல நூற்றாண்டுகளாகக் கப்பல் கட்டவும் கரி சுடவும் வெட்டினார்கள், மிச்சத்தை ஆடு மேய்ந்தது. 1860களில்தான் மறுபடி நட ஆரம்பித்தார்கள். பெதுவான் பக்கம் நீங்கள் புழுக்கத்தில் ஏறும் காட்டில் பெரும்பகுதி அப்படி நட்டது. அதில் வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலையிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த தேவதாருகளும் உண்டு.

உச்சியைத் தவிர வேறு எங்கே ஓட்டலாம்?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்! நெஸ்க் பள்ளத்தாக்குச் சாலைக்குப் போங்கள். வில்-சுர்-ஓசோன் என்ற ஊரிலிருந்து D942 என்ற சாலை கிழக்கே சோ பக்கம் போகிறது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் ஏற்றம். ஏறுகிறோம் என்றே தெரியாது. பாறையைக் குடைந்து போட்ட சாலை. இடப்பக்கம் சுவராகப் பாறை, வலப்பக்கம் இடுப்பு உயரம்கூட இல்லாத கல் கட்டை, அதற்கு அப்பால் பள்ளம். நெஸ்க் ஆறு அடியில் எங்கோ மரங்களுக்குள் ஒளிந்திருக்கும்; கோடையில் பல இடங்களில் வறண்டே கிடக்கும். லாரிகளும் அவசரக்காரர்களும் வேறு சாலையில் போய்விடுவதால் வண்டிகள் குறைவு. செயின் சத்தமும் சிள்வண்டுச் சத்தமும்தான் கேட்கும்.

இடையில் சின்னச் சின்னச் சுரங்கங்கள் வரும். உள்ளே விளக்கு இல்லை. வெயிலிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தால் ஒரு கணம் ஒன்றுமே தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கை எரியவிடுங்கள், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து உதிர்ந்த சிறு கற்கள் சாலையோரத்தில் கிடக்கும், மழைக்கு மறுநாள் அதிகமாகவே கிடக்கும். இறங்கும் திசையில் வேகமாக வருகிறவர்களுக்கு அதுதான் ஆபத்து.

சாலையின் உச்சி காஸ்தெலாரா என்ற காட்சிமுனை. 734 மீட்டர். எதிரே ரோஷே து சீர் என்ற பெரும் பாறை, 872 மீட்டர், பள்ளத்திலிருந்து செங்குத்தாக நிற்கிறது. காட்டுத் தேனீக்கள் அதில் கூடு கட்டும். மெழுகுப் பாறை என்ற பெயரே அதனால்தான். அங்கிருந்து மோனியு வழியாக சோ வரை சுலபமான ஓட்டம். திரும்ப வேறு வழி வேண்டுமென்றால் தேனீ மாதா கணவாய் வழியாகச் செல்லும் D1 சாலை இருக்கிறது. 996 மீட்டர் உயரம், ஏற்றம் நிதானமானது, நீண்ட இறக்கம் நேராக வில்-சுர்-ஓசோனில் கொண்டுவிடும். வண்டிகள் நெஸ்க்கைவிட அதிகம் என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மிஸ்ட்ரல் அடிக்கும் நாளுக்கும் இந்தப் பள்ளத்தாக்கு ஏற்றது. முற்றிலும் மறைப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் உச்சியோடு ஒப்பிட்டால் சொர்க்கம்.

மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற முடியுமா?

முடியும். மலோசெனில் தொடங்கி, மாதலேன் கணவாய் வழியாக பெதுவான், ஃப்ளசான், வில்-சுர்-ஓசோன், நெஸ்க் பள்ளத்தாக்கு, சோ, மோன்ப்ரன்-லே-பேன், பிறகு தூலூரான் ஆற்றோரமாக மறுபடி மலோசென். நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். பெரிய ஏற்றம் இல்லை. சின்னச் சின்னதாகச் சேர்ந்து கணிசமாகும். வடபகுதியை விட்டுவிடாதீர்கள். தெற்கிலிருந்து வட்டமாகத் தெரியும் மலை, வடக்கிலிருந்து பார்த்தால் செங்குத்துச் சுவர். ப்ரான்த் என்ற சிறு கிராமம் அந்தச் சுவருக்கு நேர் எதிரே பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து அங்கே ஏறும் சாலை குட்டையானது, ஆனால் காலைப் பதம் பார்க்கும்.

அரை நாள்தான் கிடைக்கும் என்றால்?

தான்தெல் மலைகள். பூங்காவின் மேற்கு ஓரத்தில், செங்குத்தாகப் பிளந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை வரிசை. மலோசெனிலிருந்து ஷென் கணவாய் (472 மீட்டர்), சுசெத், போம்-த-வெனீஸ் என்று போய், ஜிகொன்தாஸ் பக்கமாக வேசோன் வழியே திரும்பினால் ஐம்பது அறுபது கிலோமீட்டர். சுசெத் பக்கம் சில ஏற்றங்கள் குறுகலும் செங்குத்தும். வழி முழுக்கத் திராட்சை. போம்-த-வெனீஸ் இனிப்பு மஸ்கட் ஒயினுக்குப் பேர் போன ஊர். ஓட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழியிலும் ஒரே நாளில் ஏறுகிறார்களாமே?

'வென்டூ கிறுக்கர்கள் சங்கம்' என்றே ஒன்று இருக்கிறது, 1988இல் தொடங்கியது. சிறு தொகை கட்டிப் பதிவு செய்தால் அட்டை ஒன்று அனுப்புவார்கள். மூன்று ஊரிலும் உச்சியிலும் முத்திரை வாங்க வேண்டும். ஏறக்குறைய 137 கி.மீ., 4,400 மீட்டர் ஏற்றம். எந்த வரிசையிலும் ஏறலாம். வெயிலுக்கு முன்பே பெதுவான், அடுத்து மலோசென், களைத்த காலுக்கு சோ என்பதுதான் பலரும் போகும் முறை, புத்திசாலித்தனமும் அதுவே. இது போதாதவர்களுக்கு ஒவ்வொரு சாலையிலும் இரண்டு முறை வீதம் ஆறு ஏற்றம் என்ற இன்னொரு நிலையும் உண்டு. அவர்களிடம் சொல்ல என்னிடம் அறிவுரை எதுவுமில்லை.

எங்கே தங்குவது?

சைக்கிள்காரர்களுக்கான கடை, வாடகை, கூட்டம் எல்லாம் வேண்டும் என்றால் பெதுவான். எல்லாத் திசைக்கும் வசதியாக, கொஞ்சம் அமைதியாக வேண்டும் என்றால் மலோசென். இரவில் குளிர்ச்சியும் லாவண்டரும் வேண்டும் என்றால் சோ. நான் தேர்ந்தெடுப்பது மலோசென்.

எப்படிப் போய்ச் சேர்வது? சைக்கிளைக் கொண்டுபோகலாமா?

பாரிஸிலிருந்து அவிஞோனுக்கு டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். அவிஞோனிலிருந்து கார்பான்த்ராவுக்கு வட்டார ரயில். 2015இல் மறுபடி ஓடத் தொடங்கிய பாதை இது. கார்பான்த்ராவிலிருந்து பெதுவான் சுமார் 15 கி.மீ., சைக்கிளிலேயே போய்விடலாம். விமானத்தில் வருகிறவர்களுக்குப் பக்கத்துப் பெரிய நிலையம் மார்செய். வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். டிஜிவியில் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட வேண்டும், அல்லது இடம் உள்ள வண்டியில் முன்பதிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பெட்டி கட்டிக்கொண்டு வருவதைவிட அங்கேயே வாடகைக்கு எடுப்பது நிம்மதி. சாடில் பழக்கம் முக்கியம் என்பவர்கள் சொந்த சாடிலையும் பெடலையும் மட்டும் பையில் கொண்டுபோகலாம்.

சாலை விதிகளில் கவனிக்க வேண்டியது?

வலப்பக்கம் ஓட்டுவது. இடப்பக்கப் பழக்கம் உள்ளவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் தவறுவதில்லை. ஆளில்லாத கிராமத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் தவறுவார்கள். வேறு பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை. ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். தலைக்கவசம் 12 வயதுக்குக் கீழானவர்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். இந்த இறக்கங்களைப் பார்த்த பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். மணியும் இருட்டில் விளக்கும் கட்டாயம்; ஊருக்கு வெளியே இரவில் ஒளிரும் மேலங்கியும்.

கோடையில் காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் காட்டுக்குள் போவதற்குத் தடை போடுவார்கள். அன்றன்றைக்கு மாவட்ட நிர்வாகம் வெளியிடும் வரைபடத்தைக் காலையில் பார்த்துவிடுங்கள். சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள்.

காற்று இல்லையென்றால்: கார் அல்லது தங்குமிடம் சோவில். விடியலில் அங்கிருந்து உச்சி, ஷாலே ரேனார் வரை இறங்கி, அங்கே வலப்பக்கம் பெதுவான் சாலையில் இறங்கி, பெதுவானில் சாப்பாடு. அப்புறம் ஃப்ளசான் வழியாக வில்-சுர்-ஓசோன், நெஸ்க் பள்ளத்தாக்கில் மெதுவாக ஏறி மறுபடி சோ. உச்சியும் கிடைக்கும், பள்ளத்தாக்கும் கிடைக்கும். ஏறியதில் பாதி மிதமான ஏற்றம். நூறு கிலோமீட்டருக்குள்தான் வரும்.

காற்று இருந்தால் உச்சியைத் திட்டத்திலிருந்து அழித்துவிட்டு நெஸ்க், தேனீ மாதா கணவாய் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

மின்சார சைக்கிளில் ஏறலாமா?

தாராளமாக. எல்லா ஊர்களிலும் வாடகைக்குக் கிடைக்கும். பெதுவான் வழியில் முழு உதவியையும் சான் எஸ்தெவ் வளைவிலேயே போட்டுவிட்டால், பேட்டரி சின்னதாக இருந்தால், மொட்டைப் பாறைக்கு வரும்போது தீர்ந்துபோகும். பேட்டரி தீர்ந்த மின்சார சைக்கிள் இருபது கிலோவுக்கு மேல் எடை. காட்டுப் பகுதியில் நடுத்தர உதவியில் வையுங்கள், ஷாலே ரேனாரில் உட்காரும்போது எத்தனை கோடு மிச்சம் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.